தப்பாகக் கணக்குப் போடும் பிராசஸர்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ரேமண்ட் சென், 2005ஆம் ஆண்டு ஒரு விசித்திரமான சிக்கலைப் பற்றி எழுதினார். விண்டோஸில் ஏதாவது முடங்கும்போது 'பிழை அறிக்கையை அனுப்பவா?' என்று கேட்குமே, அப்படி வந்து குவிந்த அறிக்கைகளை அவரும் சகாக்களும் அலசிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் கணிசமானவை எப்படிப் பார்த்தாலும் நடக்கவே முடியாதவையாக இருந்தன. இரண்டு ரெஜிஸ்டர்களில் உள்ள எண்களை ஒப்பிடு, வேறுபட்டால் மட்டும் பிழைப் பகுதிக்குத் தாவு என்கிறது நிரல். பிராசஸரும் தாவியிருக்கிறது. ஆனால் அறிக்கையில் பதிவாகியிருந்த இரண்டு எண்களும் ஒன்றேதான். வேறொரு கணினி, ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் கட்டளையில் விழுந்திருந்தது. அந்தக் கட்டளை நினைவகத்தைத் தொடாது, எதையும் வகுக்காது, எங்கும் போய் எதையும் எடுத்து வராது. அதில் தவறு நேர வழியே கிடையாது.

ஓவர்கிளாக்காக இருக்குமோ என்று சகா ஒருவர் சந்தேகப்பட்டார். அறிக்கை அனுப்பியவர்களைத் தொடர்புகொண்டு விசாரித்தபோது அது உண்மை என்று தெரிந்தது. கணினிகள், பிராசஸர் தயாரிப்பாளர் குறித்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சிலருக்கு அந்தச் சொல்லே புதிது. கடைக்காரர் வேகத்தை ஏற்றி விற்றிருந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

ஓவர்கிளாக் சரியாக அமையாவிட்டால் கணினி ஹேங் ஆகும், நீலத்திரை வரும் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் முதலில் தப்புவது கணக்கு. அந்தத் தப்பு ஒரு நினைவக முகவரியில் விழுந்தால் நீலத்திரை வரும். ஒரு வீடியோ ஃபிரேமில் விழுந்தால் ஒரு புள்ளி நிறம் மாறும். சேமிக்கிற கோப்பின் நடுவில் விழுந்தால் அந்தக் கோப்பைத் திறக்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது. நீலத்திரையைப் பார்த்தவர் ஒருவகையில் அதிர்ஷ்டசாலி, அவருக்கு எச்சரிக்கையாவது கிடைத்தது. தடுமாறும் கணினியைச் சரிசெய்ய உட்காருகிறவர் இதை மனதில் வைத்துக்கொண்டால் தேடும் முறையே மாறிவிடும். ஹேங் ஆவதை நிறுத்துவது அவருடைய இலக்காக இருக்காது. எந்தப் பாகத்தின் கணக்கு தப்புகிறது என்பதைத்தான் தேடுவார்.

கணக்கு ஏன் தப்புகிறது? 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 500 கோடி துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 200 பிகோ நொடிதான் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் ஒளிகூட வெற்றிடத்தில் 6 சென்டிமீட்டர்தான் போக முடியும். ஒரு ரெஜிஸ்டரிலிருந்து கிளம்பும் மின்குறி, வரிசையாக நிற்கும் டிரான்சிஸ்டர்களைக் கடந்து, அடுத்த துடிப்பு வருவதற்குச் சற்று முன்பே மறுமுனை ரெஜிஸ்டரின் வாசலில் நிலையாக நின்றிருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் பழைய மதிப்பே பதிவாகிவிடும், அல்லது 0, 1 இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும். சிப்புக்குள் இப்படி எண்ணற்ற பாதைகள் உண்டு. அவற்றில் மிக நீளமான பாதைதான் வேகத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது. வோல்டேஜ் குறைந்தாலும் மின்குறி இப்படிப் பிந்தும். 2019இல் பர்மிங்காம், கிராட்ஸ், லூவன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 'பிளண்டர்வோல்ட்' என்ற பெயரில் ஒரு தாக்குதலை வெளியிட்டார்கள். இன்டெல் பிராசஸரின் வோல்டேஜை மென்பொருள் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒரு கட்டத்தில் பெருக்கல் விடையில் சில பிட்டுகள் மட்டும் மாறத் தொடங்கின. கணினி நிற்கவில்லை, நீலத்திரையும் வரவில்லை. அந்தத் தப்பான பெருக்கலை வைத்தே பிராசஸரின் பாதுகாப்புப் பெட்டகத்திலிருந்த ரகசியச் சாவிகளை வெளியே எடுத்துக் காட்டினார்கள். இதற்குப் பிறகு மென்பொருளிலிருந்து வோல்டேஜை மாற்றும் வழியை இன்டெல் அடைக்க வேண்டியதாயிற்று. வோல்டேஜ் பற்றாத பிராசஸர் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வோல்டேஜைக் கூட்டினால் டிரான்சிஸ்டர் வேகமாகத் திறந்து மூடும். அதனால்தான் ஓவர்கிளாக் செய்பவர்கள் வேகத்தோடு வோல்டேஜையும் ஏற்றுகிறார்கள். ஆனால் செலவாகும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் ஓடும் ஒரு சிப்பை 5.1 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்கு ஏற்றினால் கிடைக்கும் வேகம் எட்டரை சதவீதம். மின்செலவு ஏறத்தாழ 37 சதவீதம் கூடும், கசிவு மின்னோட்டம் தனி. அத்தனையும் வெப்பமாக மாறும். வெப்பம் ஏற ஏற மின்குறி கடக்கும் நேரமும் பொதுவாக நீளும். உடனே இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கொடுக்கத் தோன்றும், அது மேலும் சூடாக்கும். தடுமாறுகிற கணினிக்கு முதல் மருந்தாக வோல்டேஜைத் தூக்குவது பல சமயம் நோயை வளர்க்கிற காரியம்.

தயாரிப்பாளர் ஏன் முதலிலேயே அந்த வேகத்தைத் தருவதில்லை என்று கேட்கலாம். ஒரே வேஃபரில் வெட்டிய சிப்புகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். அதற்கு மேல், வெயிலுக்கு, மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, வருஷக்கணக்கில் வரும் தேய்மானத்துக்கு என்று ஓர் இடைவெளி விடுகிறார்கள். நாம் எடுத்துச் சாப்பிடுவது அந்த இடைவெளியைத்தான். 1998இல் வந்த செலரான் 300ஏ பிராசஸரில் இந்த மிச்சம் தாராளமாக இருந்தது. மதர்போர்டின் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது. அதைவிடச் சில மடங்கு விலை கொண்ட பென்டியம் 2க்கு ஈடாக நின்றது. இன்றைய பிராசஸர்கள் டர்போ, பூஸ்ட் என்ற பெயரில் அந்த மிச்சத்தைத் தாமே பயன்படுத்திக்கொள்கின்றன. நமக்கு விட்டுவைப்பது கொஞ்சம்தான். அதனால்தான் இப்போதெல்லாம் ஓவர்கிளாக் செய்த கணினி ஓடுவது போலவும் ஓடாதது போலவும் ஒரு நிலையில் அதிகம் மாட்டுகிறது.

இனி வேலைக்கு வருவோம். கணினி தடுமாறினால் முதல் காரியம், பயாஸில் எல்லாவற்றையும் இயல்பு அமைப்புக்குத் திருப்புவது. எல்லாவற்றையும் என்றால் ரேமையும் சேர்த்து. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று பயாஸில் ஒரு வரி இருக்கும். அதை ஆன் செய்வதும் ஓவர்கிளாக்தான் என்பதைப் பலர் உணர்வதில்லை. 6000 என்று அட்டையில் போட்டு விற்கும் டிடிஆர்5 ரேம் தன் இயல்பில் 4800 போன்ற குறைந்த வேகத்தில்தான் எழும். 6000க்கு ஏற்றும்போது ரேமோடு சேர்ந்து பிராசஸருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்றும் இழுபடுகிறது. ரேம் நல்ல ரேமாகவே இருக்கலாம், அந்தப் பிராசஸரால் அந்த வேகம் முடியாமல் இருக்கலாம். நான்கு ஸ்டிக் போட்டிருந்தால் சிரமம் இன்னும் கூடும். பிராசஸர் ஓவர்கிளாக் என்று நினைத்து நாள்கணக்கில் மல்லாடிவிட்டு, கடைசியில் எக்ஸ்எம்பியை அணைத்ததும் சரியானவர்கள் நிறையப் பேர்.

ஸ்கிரீனே வரவில்லை என்றால் மின் இணைப்பை எடுத்துவிட்டு, மதர்போர்டில் சிமாஸைக் கிளியர் செய்யும் முனைகளை இணைக்கலாம், அல்லது சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றி மாட்டலாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எல்லா மதர்போர்டிலும் 'டீஃபால்ட்' என்பது பிராசஸர் தயாரிப்பாளர் சொன்ன அளவாக இருப்பதில்லை. மின் வரம்பைத் தளர்த்தியும், எல்லாக் கோர்களையும் உச்ச வேகத்துக்கு ஏற்றியும் தாங்களாகவே அமைத்துத் தரும் போர்டுகள் உண்டு. நீங்கள் எதையும் தொடாமலே உங்கள் கணினி ஓவர்கிளாக் ஆகியிருக்கலாம்.

இயல்பு அமைப்பிலும் தடுமாற்றம் தொடர்ந்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. அங்கும் ஒரு சிக்கல் உண்டு. தப்பான கணக்கோடு ஓடிய நாட்களில் விண்டோஸின் கோப்புகளே கெட்டுப்போயிருக்கக்கூடும். பிராசஸர் தேறிய பிறகும் கோப்பு தேறாது. கமாண்ட் பிராம்ப்டில் விண்டோஸின் கோப்புச் சோதனையை ஒருமுறை ஓட்டிவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்வது நல்லது. மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸைத் தொடாமலே ரேமைச் சோதிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். ஆயிரத்தில் ஒன்றுதானே என்று கடந்துபோக அங்கே இடமில்லை.

இயல்பு அமைப்பில் நன்றாக ஓடுகிறது என்றால் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். கோர் வேகம், கேஷ் ஓடும் ரிங்கின் வேகம், ரேம் வேகம், இவை மூன்றும் தனித்தனி. ஒன்றை ஏற்றிச் சோதிக்கும்போது மற்ற இரண்டும் இயல்பில் இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து ஏற்றிவிட்டு நீலத்திரை வந்தால், எது காரணம் என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. மல்டிபிளையரை ஒரு படி ஏற்றினால் 100 மெகாஹெர்ட்ஸ். வோல்டேஜை 0.01, 0.02 என்றுதான் நகர்த்த வேண்டும். என்ன மாற்றினோம், எந்தச் சோதனையில் எப்போது விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

விழுந்த விதமே நிறையச் சொல்லும். நீலத்திரையில் 'டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர்' என்று வந்தால், பிராசஸர் தன் தப்பைத் தானே கண்டுபிடித்து முறையிட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் கோருக்கோ கேஷுக்கோ வோல்டேஜ் பற்றவில்லை. 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்றால் ஒரு கோர் குறித்த நேரத்தில் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தாலோ, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் நீலத்திரை வந்தாலோ ரேம் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது 'சிஆர்சி பிழை' என்று வந்து, அதே கோப்பு மறுமுறை பிரிந்துவிட்டால் அதுவும் ரேம் சந்தேகத்தையே வலுப்படுத்தும். நீலத்திரையே இல்லாமல் சட்டென்று கரண்ட் போனது போல் அணைந்து எழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்றும் காரணமாக இருக்கலாம். ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு பதிவைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்வது நம் ஊர் சர்வீஸ் கடைகளில் வழக்கமாகிவிட்டது. முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் கணினி நின்றிருக்கிறது என்பதற்கு மேல் அந்த 41 எதையும் சொல்வதில்லை. காரணம் எதுவானாலும் அதே பதிவுதான் விழும். அதைப் பார்த்து ஒரு பாகத்தை மாற்றுவது வீண் செலவு.

அதே ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில், 'டபிள்யூஎச்இஏ-லாகர்' என்ற பெயரில் பதிவுகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். எண் 18 என்றால் திருத்த முடியாத பிழை. எண் 19 என்றால் பிழை நேர்ந்து, பிராசஸர் அதைத் தானே திருத்திக்கொண்டது. திருத்திக்கொண்டதுதானே என்று அதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. ஒழுங்கான வோல்டேஜில் ஓடும் பிராசஸரில் 19 அடுக்கடுக்காக வராது. விளிம்பில் நிற்கிறோம் என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இதே செய்தி கெர்னல் பதிவில் 'எம்சிஇ' என்ற பெயரில் கிடைக்கும்.

இந்த டபிள்யூஎச்இஏ பதிவு எவ்வளவு உதவும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். மதுரையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவரிடம் ரைசன் 7 5800எக்ஸ் இருந்தது. "அண்ணே, ரெண்டு மணி நேரம் ரெண்டரிங் ஓடுது, அசையவே மாட்டேங்குது. டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா ரீஸ்டார்ட் ஆகி நிக்குது" என்றார். பாரமான வேலையில் தாங்குகிற கணினி சும்மா இருக்கும்போது விழுகிறது. கேட்டால் நம்பும்படி இல்லை, ஆனால் காரணம் நேரானது. பயாஸில் 'கர்வ் ஆப்டிமைசர்' என்ற இடத்தில் எட்டுக் கோருக்கும் மைனஸ் 30 போட்டிருந்தார். ஒவ்வொரு வேகத்துக்கும் இவ்வளவு வோல்டேஜ் என்று பிராசஸர் வைத்திருக்கும் வளைகோட்டை அது கீழே இறக்கும். ரெண்டரிங்கில் எட்டுக் கோரும் ஒன்றாக உழைக்கும்போது, மின்செலவும் சூடும் விதிக்கும் வரம்புக்குள் வேகம் சற்று இறங்கியே நிற்கும். அந்த வேகத்துக்கு அந்த வோல்டேஜ் போதும். எல்லாம் ஓய்ந்து, ஒற்றைக் கோர் மட்டும் ஏதோ சின்ன வேலைக்காக விழித்து 4.8 கிகாஹெர்ட்ஸை ஒட்டிப் பாயும்போதுதான் பற்றாமல் போகிறது. ஈவென்ட் வியூவரில் 18ஆம் எண் பதிவுகள் வரிசையாக இருந்தன. 'கேஷ் ஹையரார்க்கி எரர்', அதன்கீழ் 'பிராசஸர் ஏபிக் ஐடி: 6'. ஒரு கோருக்கு இரண்டு திரெட் என்பதால் 6ஐ இரண்டால் வகுத்தால் 3. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் மூன்றாம் கோர். ஒவ்வொரு முறையும் அதே கோர்தான். அந்தக் கோருக்கு மட்டும் மைனஸ் 10 ஆக்கி, ஒவ்வொரு கோராகத் தனித்தனியே சோதிக்கும் கோர்சைக்கிளர் நிரலை இரவு முழுக்க ஓடவிட்டதில் இன்னொரு கோரும் பலவீனம் என்று தெரிந்தது. அதையும் தளர்த்திய பிறகு கணினி விழாமல் ஓடியது. எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொல்லி ஏற்கெனவே அவரிடம் யாரோ விலை பேசியிருந்தார்கள்.

பாரம் ஏறும்போது வோல்டேஜ் எப்படி இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும், பலருடைய குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பயாஸில் 1.30 வோல்ட் என்று அமைத்துவிட்டு, சோதனை ஓடும்போது பார்த்தால் 1.15 காட்டும். போர்டு பழுது என்று நினைத்துவிடுவார்கள். கிராமத்தில் பக்கத்து வயலில் பம்ப்செட் போட்டதும் வீட்டு பல்பு மங்குமே, அதே விதிதான் இங்கேயும் வேலை செய்கிறது. பிராசஸர் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். பாதையின் தடை ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும், ஓம் விதிப்படி 0.15 வோல்ட் இறங்கிவிடும். வடிவமைப்பாளர்கள் இந்தச் சரிவை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். பாரம் சட்டென்று விலகும்போது வோல்டேஜ் ஒரு கணம் மேலே எகிறும். சரிவு இருந்தால் அந்த எகிறல் ஆபத்தான உயரத்தைத் தொடாது.

இந்தச் சரிவைக் குறைப்பதற்குத்தான் 'லோட்-லைன் கேலிபரேஷன்' என்ற அமைப்பு. அதை உச்சத்தில் வைத்தால் 1.30 போட்டால் 1.30 நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பாரம் விலகும் ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் அதற்கு மேல் துள்ளும், பாரம் ஏறும் கணத்தில் கீழேயும் குதிக்கும். இவை மைக்ரோ நொடிக் கணக்கில் நடந்து முடிகின்றன. ஓரிரு நொடிக்கு ஒருமுறை அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது. ஆஸிலாஸ்கோப் வைத்துத்தான் பார்க்க முடியும். மென்பொருள் காட்டும் வோல்டேஜ் சீராக இருக்கிறது, கணினி மட்டும் எப்போதாவது விழுகிறது என்றால் இந்த அமைப்பை உச்சத்திலிருந்து நடுவுக்கு இறக்கிப் பாருங்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில போர்டுகளில் 1ஆம் நிலை என்றால் மிகக் கடுமை, சிலவற்றில் அதுவே மிக மென்மை. இதைத் தொழில்துறை இன்னும் ஒழுங்குபடுத்தாமல் வைத்திருப்பது வருத்தத்துக்குரியது. கையேட்டைப் பார்க்காமல் மாற்றக்கூடாது.

சரி, கணக்கு தப்பவில்லை என்று எப்படி உறுதி செய்வது? விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துச் சரிபார்ப்பதுதான் நேர் வழி. மெர்சென் பகா எண்களைத் தேட 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கூட்டு முயற்சியின் மென்பொருள் பிரைம்95. மாபெரும் எண்களைப் பெருக்க அது ஃபூரியே உருமாற்றத்தை (எஃப்எஃப்டி) தசமப் புள்ளி எண்களில் செய்கிறது. கணக்கு முடியும்போது ஒவ்வொரு விடையும் ஒரு முழு எண்ணுக்கு மிக அருகில் வந்து நிற்க வேண்டும். எவ்வளவு விலகியிருக்கிறது என்று அது தானே அளந்து பார்க்கும். முழு எண்ணிலிருந்து எந்த எண்ணும் அதிகபட்சம் 0.5தான் விலக முடியும் என்பதால், விலகல் 0.5 என்று வந்தால் விடை வெறும் குப்பை. 'ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4க்குக் கீழ்' என்று சொல்லிவிட்டு அந்தத் திரெட் நின்றுவிடும். கணினி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், மவுஸ் நகரும், பாட்டுப் பாடும். தப்பான கணக்கு கண்ணெதிரே அகப்படும் இடம் அது. இந்தச் சோதனையின் கூர்மை இன்டெல்லையே ஒருமுறை சோதித்தது. 1,49,42,209 என்ற அடுக்கெண்ணைச் சோதிக்கும்போது ஸ்கைலேக் பிராசஸர்கள் உறைந்துபோவதைப் பகா எண் தேடுவோர் கண்டுபிடித்தார்கள். அந்தச் சிப்புகள் ஓவர்கிளாக் ஆகியிருக்கவில்லை. 2016 ஜனவரியில் இன்டெல் குறையை ஒப்புக்கொண்டு பயாஸ் வழியாகத் திருத்தம் அனுப்பியது.

பிரைம்95இல் சிறிய எஃப்எஃப்டி சோதனை கேஷுக்குள்ளேயே சுழன்று பிராசஸரைக் கொதிக்கவைக்கும். அதில் விழுந்தால் கோர் வோல்டேஜையோ குளிரூட்டலையோ பார்க்க வேண்டும். பெரிய எஃப்எஃப்டி ரேமையும் அதன் கட்டுப்பாட்டுச் சுற்றையும் பிழியும். சிறியதில் தேறி, பெரியதில் விழுந்தால் கோரை விட்டுவிட்டு ரேமைக் கவனிக்கலாம். ஒரே கட்டளையில் எட்டு எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் சூட்டை இன்னும் ஏற்றும். சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடிவிட்டது, எனவே கணினி திடமாக இருக்கிறது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பெஞ்ச்மார்க் தன் விடையைச் சரிபார்ப்பதில்லை. ஒரு பிக்சல் தப்பினாலும் மதிப்பெண் போட்டுவிடும். ஆனால் அதற்கு வேறொரு பயன் உண்டு. வோல்டேஜ் பற்றாதபோது சில பிராசஸர்கள் விழாமல் தப்பிக்கத் துடிப்பை நீட்டிக்கொள்ளும். திரையில் 5 கிகாஹெர்ட்ஸ் என்றே காட்டும், மதிப்பெண் மட்டும் குறையும். வேகத்தை ஏற்றிய பிறகு மதிப்பெண் இறங்கினால் அங்கே ஏதோ சரியில்லை.

பரீட்சையில் தேறிய கணினி வெயில் காலத்தில் தோற்கும். அறையின் வெப்பம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சிப்பிலும் ஏறும். டிசம்பரில் 24 டிகிரி அறையில் 82இல் நின்ற பிராசஸர், கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் 96ஐத் தொடும். இன்டெல்லின் பல பிராசஸர்கள் 100 டிகிரியிலும், ரைசன் 7000 வரிசை 95 டிகிரியிலும் தம்மைத் தாமே இழுத்துப் பிடிக்கின்றன. நம் ஊரில் ஓவர்கிளாக் செய்பவர் ஏசி போட்ட அறையில் எடுத்த முடிவை நம்பக்கூடாது. கேபினெட்டை மூடி, ஏசியை அணைத்து, பிற்பகலில் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்து, சில மாதங்கள் கழித்துத் தடுமாறத் தொடங்கினால்? சிப்பும் தேயும். வோல்டேஜும் வெப்பமும் கூடினால் தேய்மானம் வேகமாகும், நேற்றுப் போதுமானதாக இருந்த வோல்டேஜ் இன்று பற்றாது. இதை உலகமே பார்க்கும்படி காட்டியது இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்களின் கதை. உயர்ரக டெஸ்க்டாப் கணினிகளில் விளையாட்டுகள் திறக்கும்போதே முடங்கின. திரையில் வந்த செய்தி, 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்பது. கிராஃபிக்ஸ் கார்டைக் குற்றம் சொல்லும் அந்தச் செய்தியை நம்பி எத்தனையோ பேர் கார்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். உண்மையில் விளையாட்டின் தரவை விரித்தெடுக்கும் வேலையில் பிராசஸர் தப்பான விடை கொடுத்துக்கொண்டிருந்தது. தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜைப் பிராசஸரே கேட்டு வாங்கியதும், அதனால் கோருக்குள் கடிகாரத் துடிப்பைப் பகிரும் சுற்று தேய்ந்ததும்தான் மூலகாரணம் என்று 2024 செப்டம்பரில் இன்டெல் அறிவித்தது. திருத்தங்கள் பயாஸ் வழியே வந்தன, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்தத் திருத்தமும் மீட்கவில்லை. அந்தத் தலைமுறை பிராசஸர் வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக்கைப் பற்றி யோசிக்கும் முன் பயாஸைப் புதுப்பித்துவிடுவது கட்டாயம்.

ஓவர்கிளாக்கே செய்யாத இடத்திலும் கணக்கு தப்பும் என்று ஃபேஸ்புக் 2021இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர்களுடைய ஒரு சர்வரில் கோப்புகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. தேடிக்கொண்டே போனபோது, 1.1ஐ 53 தடவை பெருக்கி முழு எண்ணாக்கினால் 156 வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கோர் மட்டும் பூஜ்யம் என்றது. 52 தடவை பெருக்கினால் சரியாக 142 சொன்னது. கோப்பின் அளவு பூஜ்யம் என்று கணக்கு வந்ததால் அந்தக் கோப்பு எழுதப்படாமலே போனது. எந்தப் பதிவிலும் ஒரு பிழைகூட இல்லை. ஆலையில் சோதித்து, இயல்பு வேகத்தில் ஓடிய சிப்பிலேயே இது நடந்தது. இடைவெளியை நாமே குறைத்து வைத்திருக்கும் சிப்பில் வாய்ப்பு எவ்வளவு கூடும்? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் கணினிகளின் பழுதுகளை அலசி 2011இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விடை இருக்கிறது. எட்டு மாதக் கண்காணிப்பில், ஓவர்கிளாக் செய்த கணினிகள் பிராசஸர் கோளாறால் விழும் வாய்ப்பு, ஒரு தயாரிப்பாளரின் சிப்புகளில் ஏறத்தாழ 20 மடங்கு, மற்றவரின் சிப்புகளில் 4 மடங்குக்கு மேல். அவர்கள் எண்ணியது விழுந்தவற்றை மட்டும்தான். விழாமல் தப்பாகக் கணக்குப் போட்டவை அந்த எண்ணிக்கையில் இல்லை.

இதனால் ஓவர்கிளாக் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. விளையாட்டுக்கும் கற்றுக்கொள்வதற்கும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் குறைவு. பிராசஸரின் உள்ளே என்ன நடக்கிறது என்று பயாஸில் எண்களைத் தொட்டுப் பார்த்துக் கற்றவர்களுக்கு அது மறக்காது. ஆனால் கணக்கு வழக்கு, ஆய்வுத் தரவு, ஊர் பேர் தெரியாத ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோ என்று அடுத்தவர் பொருள் இருக்கும் கணினியில் இது வேண்டாம். உங்கள் சொந்தக் கணினியில் செய்வதானால், முதல் அமைப்பை மாற்றும் முன்பே முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் படியெடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். எல்லாச் சோதனையும் தேறிய வேகம் கிடைத்ததும் அதிலிருந்து 100 மெகாஹெர்ட்ஸைக் குறைத்து அங்கே நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை ஈவென்ட் வியூவரைத் திறந்து 18, 19 என்ற எண்களைத் தேடுங்கள். 19 ஒன்று இருந்தாலும் அன்றைக்கே இன்னொரு படி இறக்குங்கள்.